முட்டை ரூம் பியானோ

நான் எந்த ஊரில் வாசித்தாலும் அங்கே கொடுக்கிற நிகழ்ச்சித் தாளில் என்னைப் பற்றி ஒரு பத்தி இருக்கும். தென்னிந்தியாவின் வறண்ட கிராமம் ஒன்றில், இசையின் வாசனையே இல்லாத எளிய குடும்பத்தில் பிறந்தவர் என்று அது ஆரம்பிக்கும். யார் முதலில் எழுதினார்களோ தெரியாது, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டே போகிறார்கள். இரண்டு முறை அடித்துத் திருத்தி அனுப்பினேன். மூன்றாவது முறையும் அதே பத்திதான் அச்சாகி வந்தது. படிக்கிறவர்களுக்கு அப்படியொரு கதை பிடிக்கிறதாம். எனக்குப் பிடிக்கவில்லை. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு மூன்று ஷெட் கோழி இருந்தது, பதினைந்து ஏக்கர் விவசாயக் காடு இருந்தது, வாசலில் கார் நின்றது. என்னைக் கேட்காமல் என்னை ஏழையாக்க இவர்கள் யார்? இசையின் வாசனை இல்லை என்பது மட்டும் உண்மை. கோழி எரு நாறும் இடத்தில் வேறு எந்த வாசனையும் எடுபடாது.

இன்னொரு கேள்வியும் விடாமல் கேட்பார்கள். முதன்முதலில் எத்தனை பேர் முன்னால் வாசித்தீர்கள் என்று. ஐயாயிரம் என்பேன். சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. நாள் தவறாமல், நான்கு மாதம், ஐயாயிரம் கோழிகளுக்கு வாசித்தவள் நான்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பெரியப்பா மகன், அதாவது அண்ணன், சனிக்கிழமைகளில் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் கணக்கு டியூஷனுக்குப் போவான். அவனைத் தனியாக பஸ்ஸில் அனுப்பினால் வழியில் சினிமாவுக்குப் போய்விடுவான் என்று என்னைக் காவலுக்கு அனுப்பினார்கள். இரண்டு மணி நேரம் நான் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று, பக்கத்து வீட்டில் பியானோ சொல்லிக்கொடுக்கும் டீச்சரிடம் விட்டார்கள். அண்ணனுக்குக் கணக்கு வரவில்லை. எனக்கு பியானோ வந்துவிட்டது. இப்படியொரு விபத்தை எங்கள் வீட்டில் யாரும் எதிர்பார்க்கவில்லை.

அப்பா செவ்வாய்க்கிழமைதோறும் ஏற்காட்டுக்கு முட்டை வண்டி எடுத்துப் போவார். அங்கே ஒரு பள்ளி விடுதியில் பழைய பியானோ ஒன்றை வராந்தாவில் தள்ளி வைத்திருந்தார்கள். நான்கு கட்டைகள் ஊமை, சுருதி இறங்கிப்போயிருந்தது, உள்ளே எலி குடித்தனம் நடத்தியிருந்தது. எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றார்களாம். ஒரு செவ்வாய்க்கிழமை அப்பா காலி அட்டைகளுக்கு நடுவில் பியானோவைக் கட்டி, மலையின் கொண்டை ஊசி வளைவுகள் அத்தனையிலும் இறக்கிக்கொண்டு வந்து சேர்த்தார். என்னிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் எதையுமே யாரிடமும் முன்கூட்டிச் சொல்கிறவர் இல்லை.

எங்கள் வீட்டில் சொல்கிறவர் பெரியப்பாதான். அப்பாவைவிடப் பதினோரு வயது மூத்தவர். வெள்ளை வேட்டியும், சட்டைப்பையில் இரண்டு செல்போனுமாக இருப்பார். அவர் முன்னால் அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கோழிகளைப் பார்ப்பது அப்பாவின் வேலை, முட்டையை விற்பதும் மற்ற எல்லாரையும் பார்ப்பதும் பெரியப்பாவின் வேலை. பியானோ கூடத்துக்கு வந்தால் டிவி மறைக்கும் என்று அவர் சொன்னதும் அது முட்டை ரூமுக்குப் போனது.

முட்டை ரூம் என்பது ஒன்றாம் ஷெட்டை ஒட்டிய நீளமான அறை. பொறுக்கிய முட்டைகளை அட்டைக்கு முப்பதாக அடுக்கி லாரி வரும்வரை வைத்திருக்கும் இடம். நடுவில் சுவர் கிடையாது, கம்பி வலைதான். நான் ஒரு கட்டையை அழுத்தினால் அந்தப் பக்கம் ஐயாயிரம் கழுத்துகள் ஒரே நேரத்தில் திரும்பும்.

பிரச்சினையும் அதுதான். கோழி பயந்த பிராணி. பழக்கமில்லாத சத்தம் கேட்டால் கூண்டுக்குள் முட்டி மோதிக்கொள்ளும், இரண்டு நாளைக்கு ஓடு கெட்டியில்லாத தோல் முட்டையாக வைக்கும். அதனால் பண்ணை வீட்டுப் பிள்ளைகளான எங்களுக்குத் தீபாவளிக்கு வெடி கிடையாது. மாரியம்மன் ஊர்வலத்துக் கொட்டுகூட எங்கள் காட்டோரம் வரும்போது நின்று, தாண்டிய பிறகுதான் மறுபடி தொடங்கும். அம்மனே அடக்கி வாசிக்கிற இடத்தில் நான் பியானோ வாசிக்க உட்கார்ந்தேன்.

பெரியப்பா வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். “இந்தச் சத்தத்துல கோழி எங்கிருந்து முட்டை வெக்கும்? ஒரு வாரம் பாக்கறேன். ஒரு அட்டை கொறஞ்சுதுன்னாலும் பொட்டி பழைய இரும்புக்குப் போயிரும், சொல்லிப்போட்டேன்” என்றார். அப்பா தலையை ஆட்டினார். அந்த வாரம் முழுவதும் பியானோ பாடப்புத்தகத்திலேயே மிகச் சாதுவான ஒன்றைத்தான் வாசித்தேன். மூன்று எண்ணிக்கையில் போகும் சின்ன நடன மெட்டு. இடது கைக்கு அதில் வேலையே இல்லை.

ஷெட் வாரியாக எத்தனை அட்டை முட்டை என்று சாயங்காலம் அப்பா கரும்பலகையில் எழுதுவார். பெரியப்பா வந்து படிப்பார். முதல் நாள் ஒன்றாம் ஷெட்டில் குறையவில்லை. மூன்றாம் நாள் ஓர் அட்டை கூடியது. வாரக் கடைசியில் நான்கு அட்டை கூடியிருந்தது. பெரியப்பா பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோழிகளைப் பார்த்தார்.

“பாட்டுக் கேட்டுத்தானுங்கண்ணா கூடியிருக்கோணும்” என்றார் அப்பா, பலகையைத் துடைத்தபடி.

அன்றோடு பியானோ தப்பித்தது. என் கஷ்டகாலம் ஆரம்பித்தது. பெரியப்பா எதையும் அரைகுறையாக நம்புகிறவர் இல்லை. காலையில் தீவனம் போடும்போது அரை மணி, பள்ளிவிட்டு வந்ததும் அரை மணி என்று நேரம் குறித்தார். எந்தப் பாட்டுக்கு முட்டை கூடியதோ அந்தப் பாட்டைத் தவிர வேறு எதையும் வாசிக்கக் கூடாது என்றார். புதிதாக ஒன்றைக் கேட்டுக் கோழி மிரண்டுவிட்டால்? பியானோவின் தலையில் திருஷ்டிக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார். எனக்குக் காய்ச்சல் வந்த அன்று கட்டிலோரம் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நெகிழ்ந்துபோனேன். “ரெண்டே நிமிசம் வாசிச்சுப்போட்டு வந்து படுத்துக்க சாமி” என்றார்.

தினமும் அந்த நடனம். காலையில் அந்த நடனம், மாலையில் அந்த நடனம். தூக்கத்தில்கூட என் விரல்கள் மூன்று எண்ணிக்கையில் அசைந்தன என்று அம்மா சொன்னாள். சனிக்கிழமை டீச்சர் புதுப் பாடம் கொடுப்பார், அடுத்த சனிக்கிழமை நான் பழைய பாடத்தோடு போய் நிற்பேன். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இப்படியே இருப்பதென்றால் இனிமேல் நீ வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவரிடம் என்னவென்று சொல்வது? கோழி ஒப்பவில்லை என்றா?

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். “கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்க சாமி” என்றார். அம்மாவிடம் சொன்னேன். அப்பா சொன்னதைத்தான் அவளும் சொன்னாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. இன்றுவரை நான் உருப்படியாகச் செய்த எல்லாக் காரியமும் கோபத்தில் செய்ததுதான். சாந்தமான மனநிலையில் இசை பிறக்கிறது என்று யாராவது சொன்னால் அவர்களை நான் நம்புவதில்லை.

மறுநாள் காலை அந்த நடனத்தில் ஒரே ஒரு சுரத்தை மாற்றினேன். இடது கையில், யாரும் கவனிக்காத ஓரிடத்தில். கோழிகள் தின்றுகொண்டிருந்தன. பெரியப்பா செல்போனில் முட்டை விலை பேசிக்கொண்டிருந்தார். மாலையில் இன்னொன்றை மாற்றினேன். நாளுக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டேன். ஒரு வாரத்தில் இடது கைக்கு வேலை வந்தது. இரண்டு வாரத்தில் தாளம் ஓரிடத்தில் நொண்டியது, பிறகு வேண்டுமென்றே நொண்டியது. மூன்றாவது மாத முடிவில் ஆரம்பத்து நான்கு அடியும் முடிவில் நான்கு அடியும்தான் புத்தகத்தில் இருந்தவை. நடுவில் இருந்த அத்தனையும் என்னுடையவை. இவ்வளவு நடந்தும் பெரியப்பா வருகிறவர்களிடம், “அந்தப் புள்ளை அதே பாட்டத்தான் வாசிக்குதுங்க, ஒரு எழுத்து மாத்தறதில்லீங்க” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிற்காலத்தில் பிராக் நகரத்தில் என் இசையைப் பற்றிக் கட்டுரை எழுதிய ஒருவர், கேட்பவருக்குத் தெரியாமல் ஒவ்வொரு சுரமாக நகர்த்தும் இந்த முறையை நான் எந்த ஐரோப்பிய மேதையிடமிருந்து எடுத்தேன் என்று இரண்டு பக்கம் ஆராய்ந்திருந்தார். பெரியப்பாவுக்குப் பயந்து எடுத்தது என்று அவருக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை.

இதற்கிடையில் பெரியப்பா கரும்பலகையில் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். ஒன்றாம் ஷெட்டில் முட்டை கூடக்கூட மூன்றாம் ஷெட்டில் குறைந்துகொண்டே வந்தது. வெயிலாக இருக்கும் என்றார் அப்பா. பெரியப்பா ஏற்கவில்லை. மூன்றாம் ஷெட் தள்ளி இருக்கிறது, அங்கே பாட்டு எட்டவில்லை, அந்தக் கோழிகள் ஏங்கிப்போய்விட்டன என்பது அவர் முடிவு. திருச்செங்கோட்டிலிருந்து இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள் வந்து இறங்கின. திங்கட்கிழமை ஒயர் இழுக்க ஆள் வருவதாக ஏற்பாடு. அப்பா அன்றைக்கு ஏன் சாப்பிடாமல் எழுந்து போனார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் அதைக் கவனித்ததே பெரிய விஷயம். என் கவலை எனக்கு. இரண்டு ஷெட்டுக்கு வாசிக்க ஆரம்பித்தால் சாகும்வரை எனக்கு இதுதான் வேலை என்று தோன்றிவிட்டது.

ஒயர் இழுப்பதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, பெரியப்பா விருந்தாளிகளை அழைத்திருந்தார். பரமத்தி வேலூரிலிருந்து சம்பந்தி வகையில் நான்கு பேர், தீவனக் கம்பெனிக்காரர் ஒருவர், கோழி டாக்டர் ஒருவர். எல்லாருக்கும் இளநீர் கொடுத்து முட்டை ரூமில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அப்பா அட்டை அடுக்குக்குப் பக்கத்தில் நின்றார். எனக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டிருந்தார்கள்.

“சும்மா பயப்படாம வாசி சாமி. நம்ம பாட்டுத்தான்” என்றார் பெரியப்பா.

அந்த நம்ம என்ற வார்த்தைதான் என்னைக் கிளப்பிவிட்டது. எது நம்ம பாட்டு? புத்தகத்தில் இருந்த முதல் நான்கு அடியை வாசிக்காமல் நேரே நடுவுக்குப் போனேன். மூன்று மாதமாக மெதுவாக, ஒளித்து ஒளித்து வாசித்ததை முதல் தடவையாக முழுச் சத்தத்தில், வேண்டிய வேகத்தில் வாசித்தேன். ஊமைக் கட்டைகளைத் தாண்டித் தாண்டி விரல்கள் ஓடின. இடது கை இடித்தது. எலுமிச்சம்பழம் ஆடி ஆடி அறுந்து விழுந்தது. என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு பெரிய அரங்குகளில், நல்ல பியானோக்களில் வாசித்திருக்கிறேன். அன்றைக்கு வாசித்த மாதிரி ஒருநாளும் வாசித்ததில்லை. சந்தோஷம் என்றால் அதுதான் சந்தோஷம், எனக்குச் சந்தேகமே இல்லை.

பெரியப்பா நாற்காலியை விட்டு எழுந்து வலையைப் பிடித்துக்கொண்டார். கோழிகள் மிரண்டு மோதப்போவதை எதிர்பார்த்து எல்லாரும் திரும்பினார்கள். நானும் ஓரக்கண்ணால் பார்த்தேன். ஐயாயிரம் கோழியில் ஒன்றுகூடத் தீவனத் தொட்டியிலிருந்து தலையை எடுக்கவில்லை. நான் நிறுத்தினேன். தலை எடுக்கவில்லை. மூடியை டமாரென்று அடித்துச் சாத்தினேன். அப்போதும் கொத்திக்கொண்டேதான் இருந்தன.

“பாத்தீங்களா? இதுங்களுக்குப் பாட்டும் தெரியாது, ஒண்ணும் தெரியாது!” என்று கத்தினேன். “நான் எத வாசிச்சாலும் ஒண்ணுதான். இனிமே எனக்குப் புடிச்சதத்தான் வாசிப்பேன்!”

கோழி டாக்டர் சிரித்துவிட்டார். “புள்ளை சொல்றது நெசந்தானுங்க. சத்தம் பழகிப்போச்சுன்னா கோழிக்கு எல்லாம் ஒண்ணுதான். பாட்டுக்கு எல்லாம் முட்டை வெக்காதுங்க” என்றார். வேலூர்க்காரர்கள் இளநீரை மறந்து சிரித்தார்கள். அவர்களில் ஒருவர், கச்சேரிக்கு டிக்கெட் உண்டா என்று கோழிகளைக் காட்டிக் கேட்டார். பெரியப்பாவின் கழுத்து சிவந்தது. நான்கு மாதமாக ஊரெல்லாம் சொல்லிவைத்த பேச்சு அது. அவர் என்னைத் திட்டவில்லை. விருந்தாளிகள் போனதும் அப்பாவைப் பார்த்து, “முட்டைக்கு இல்லைன்னா இந்தப் பொட்டி இங்கெதுக்கு? நாளைக்கு எடைக்குப் போட்டுப்போட்டு வா” என்றார்.

அப்பா வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன். கோழிக்குப் பயனில்லை என்றால் என்ன, எனக்குப் பயன் இருக்கிறது, நான் இந்த வீட்டுப் பிள்ளை இல்லையா என்று கேட்டேன். அம்மா என் வாயைப் பொத்தி உள்ளே இழுத்துப்போனாள். வாதத்தில் ஜெயித்துப் பியானோவைத் தோற்றேன் என்பது அன்று இரவு படுக்கையில்தான் உறைத்தது. அப்போதும் செய்தது தப்பு என்று தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை.

கோழிகள் பாட்டுக்கு முட்டை வைக்கவில்லை என்றால் ஒன்றாம் ஷெட்டில் எப்படிக் கூடியது என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. எனக்கு முப்பது வயதான பிறகு அம்மாதான் போனில், வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில், வாய் தவறிச் சொன்னாள். அந்த நான்கு மாதமும் அப்பா சாயங்காலம் பலகையில் எழுதுவதற்கு முன்னால், மூன்றாம் ஷெட்டில் பொறுக்கிய முட்டையில் சில அட்டைகளைத் தானே தலையில் வைத்துத் தூக்கிவந்து ஒன்றாம் ஷெட் அடுக்கில் சேர்த்திருக்கிறார். பெரியப்பா இருக்கிற பக்கம் வராமல், கரும்புக்காட்டைச் சுற்றிக்கொண்டு. மொத்தத்தில் ஒரு முட்டை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பாட்டுக் கேட்டுக் கூடியது என்ற வார்த்தையும் அவர் நாள் பூராவும் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்து சொன்னதாம். மூன்றாம் ஷெட்டுக்கும் ஸ்பீக்கர் வந்தால் எங்கிருந்து எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் அன்றைக்குச் சோற்றில் கை வைக்காமல் எழுந்திருக்கிறார். அப்பா இன்னும் இருக்கிறார். நேரில் கேட்டேன். அதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கிறது என்று தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை பியானோவை வண்டியில் ஏற்றினார்கள். நானும் வருவேன் என்று ஏறி உட்கார்ந்துகொண்டேன். யாரும் இறக்கிவிடத் துணியவில்லை, அப்படி இருந்தது என் முகம். மல்லசமுத்திரத்தில் பழைய இரும்புக் கடை வந்தது. நான் கதவுப் பிடியை இறுகப் பிடித்தேன். அப்பா வண்டியை நிறுத்தவில்லை. ஆட்டையாம்பட்டி தாண்டிய பிறகு, ராத்திரியே உன் டீச்சரிடம் போனில் பேசிவிட்டேன், அவர் வீட்டில் கார் நிறுத்துகிற இடம் காலியாக இருக்கிறதாம், அங்கே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார், சனிக்கிழமை போய் உனக்குப் பிடித்ததை வாசித்துக்கொள் என்றார். ரோட்டைப் பார்த்தபடியேதான் சொன்னார்.

எனக்குச் சந்தோஷம் வர வேண்டியது. கோபம் இன்னும் இறங்கவில்லை. பெரியப்பாவிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன்.

“எடைக்குப் போட்டாச்சுன்னு சொல்லிக்கலாம் சாமி.”

“எதுக்குப்பா பொய் சொல்லோணும்? நேத்தும் நீங்க ஒரு வார்த்தை பேசுல. நாந்தான் பேசுனேன். உங்களுக்குப் பெரியப்பாவக் கண்டா பயம்.”

அப்பா கியரை மாற்றினார்.

“ஆமா சாமி, பயந்தான்” என்றார்.

அவர் ஒப்புக்கொண்டது எனக்குத் திருப்தியாக இருந்தது. எங்கள் வீட்டிலேயே பயமில்லாத ஆள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டு, சேலம் வரும்வரை அவர் பக்கம் திரும்பாமல், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.